பத்து வினாடி தெய்வம்

சலவைக்கடை மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. எட்டு வயசுச் சிறுமி ஒருத்தி, பேசிக்கொண்டே இருக்கையில் பத்து வினாடி கல்லாய்ச் சமைந்துவிடுவாளாம். கண் வெறிக்குமாம், இமை படபடக்குமாம், உதடு மெல்ல அசையுமாம். அந்த நேரம் மேலுலகம் சேதி அனுப்புமாம். அதைப் படித்துச் சொல்ல ஒரு பெரிய மனுஷர் வேண்டாமா? வந்து சேர்ந்தார். சனங்கள் வைத்த பேர் மேலுலகத் தபால்காரர். கடுதாசி பிள்ளைக்கு வரும். காணிக்கை இவருக்கு வரும்.

சிறுமியின் அம்மா கீழே இஸ்திரி போடுகிறவள். நேற்றுவரை 'ஏய்' என்றவர்கள் இன்று 'அம்மா' என்கிறார்கள். யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் போன வாரம் மகள் நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டாள். லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. அம்மா தபால்காரரிடம் சொன்னாள்.

"லாரிய நிறுத்தினதே நம்ம பிள்ளைதாம்மா" என்றார். அவள் மட்டும் அதற்கப்புறம் மகளைத் தனியே தெருவில் விடவில்லை.

இன்று கூட்டத்துக்குள் வகுப்பு டீச்சர் நுழைந்தார், கையில் சிறுமியின் நோட்டோடு.

"அக்கா, இதப் பாருங்க. நான் சொல்லச் சொல்ல எழுதறா. நடு நடுவுல நாலு வார்த்தை காணோம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி தொடர்ந்து எழுதறா. கவனமில்லன்னு நான்தான் திட்டிட்டு இருந்தேன்."

"தெய்வத்துக்கு உங்க பாடம் பிடிக்கல போல" என்றார் தபால்காரர். கூட்டம் சிரித்தது.

"இருக்கட்டும். அருள் வர்றதுக்கு முன்னால மூணு நிமிஷம் காகிதக் காத்தாடிய ஊதச் சொல்றீங்களே, எதுக்கு?"

"மூச்சுதான் வாசல்."

"இன்னிக்கு ஊதாம வரவையுங்க."

தபால்காரர் மணி அடித்தார். மந்திரம் சொன்னார். வியர்த்தார். கால் மணி நேரத்தில் வந்த ஒரே சேதி, "அம்மா, தண்ணி."

"மூச்சு வாங்க ஊதினா இது வரும்னு இவருக்குத் தெரியும். டாக்டருங்களும் அப்படித்தான் சோதிப்பாங்க" என்றார் டீச்சர். "என் தங்கச்சி பொண்ணுக்கும் இதேதான். வலிப்புல ஒரு வகை. கைகால் வெட்டாது, கீழ விழ மாட்டாங்க. அதான் யாருக்கும் தெரியறதில்ல. மாத்திரை இருக்கு."

"அவநம்பிக்கை உள்ள இடத்துல அருள் தங்காது" என்று தபால்காரர் மூட்டை கட்டத் தொடங்கினார்.

அம்மா மகளின் முகத்தைத் தூக்கினாள். "அந்த நேரத்துல உனக்கு என்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. திடீர்னு எல்லாரும் வேற இடத்துல நிப்பீங்க."

"ஏண்டி சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

அம்மா மகளின் கையைப் பிடித்தாள், ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

மேலுலகத்தை விசாரிக்க அத்தனை பேர் படியேறினீர்களே கண்ணுகளா, எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையை விசாரிக்க ஒருத்தருக்காவது புத்தி வந்ததா?