தனசிங் பி.பி.ஏ.வும் பாக்கி நின்ற பேப்பரும்

செம்பாக்கத்தில் தனசிங் வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பலகை பளபளக்கும். 'சா. தனசிங், பி.பி.ஏ.' அதில் பெயர் மட்டும்தான் உண்மை. பட்டத்துக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே ஒரு பேப்பர் பாக்கி: புள்ளியியல். சர்ச் கமிட்டியில் பெரும்புள்ளி. பல்கலைக்கழகத்தில் வெறும் புள்ளி. இந்த ரகசியம் தனக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும் என்று மனுஷர் நிம்மதியாக இருந்தார்.

ஒருநாள் காலை, மனைவி தபீதாள் தோசைக் கரண்டியோடு எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, நான் தபால்ல பி.பி.ஏ. படிக்கப் போறேன்."

விழுங்கிய தோசை பாதி வழியில் நின்றது.

"உனக்கெதுக்கு அதெல்லாம்? ஆறு செமஸ்டர்! அக்கவுண்டன்சி, வணிகச் சட்டம், மார்க்கெட்டிங், கடைசியில கம்பெனிக்குப் போய் புராஜெக்ட் வேற. ஒண்ணு விட்டாலும் டிகிரி கிடையாது!"

"ஒண்ணே ஒண்ணு விட்டாக்கூடவா?"

"கூ... கூடத்தான்."

"மத்ததை நான் பாத்துக்கறேன். இந்த ஸ்டாடிஸ்டிக்ஸ்தான் பயமா இருக்கு. அதை மட்டும் நீங்க சொல்லிக் குடுங்க."

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று பார்த்தார் தனசிங். டைல்ஸ் போட்ட தரை அசையவில்லை.

தெரியாது என்றால் மானம் போச்சு. மறுநாளே "ஆபீஸ்ல மீட்டிங்" என்று புளுகிவிட்டு, மாடம்பாக்கத்தில் ஷீலா டீச்சரிடம் டியூஷன் சேர்ந்தார். சுற்றிலும் காலேஜ் பெண்கள். நடுவில் இவருடைய வழுக்கை. மாலையில் அங்கே கேட்டதை மறுநாள் காலையில் மனைவியிடம் ஒப்பித்தார்.

"திங்கள் ஆறு இட்லி, செவ்வாய் எட்டு, புதன் பத்து. சராசரி எவ்வளவு?"

"எட்டு. அது சரிங்க, இந்த ஸ்டாண்டர்டு டீவியேஷன்தான் மண்டையில ஏறல. இன்னொரு தரம் சொல்லுங்க."

எட்டு தரம் சொன்னார். ஒன்பதாவது தரம் அவருக்கே புரிந்துவிட்டது.

மூன்று மாதம் ஓடியது. பரீட்சை நாளன்று மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தாம்பரத்துக் கல்லூரி வாசலில் இறக்கினார்.

"பயப்படாதே தபீதா. கர்த்தரை நினைச்சுக்கினு எழுது."

தபீதாள் கைப்பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் போட்டோ. அவர் பெயர். பாடம்: வணிகப் புள்ளியியல்.

"இ... இதுல எதுக்கு என் மூஞ்சி இருக்கு?"

"பழைய அரியர் வச்சிருக்கறவங்களுக்குக் கடைசி சான்ஸ் குடுத்திருக்காங்க. உங்க பேர்ல அப்ளிகேஷன் போட்டுட்டேன்."

"அப்போ நீ சேர்ந்த பி.பி.ஏ.?"

"நான் எங்கங்க சேர்ந்தேன்?"

"என் கையெழுத்து?"

"'கணவர் சம்மதம்'னு நீட்டினதும் படிக்காமலே போட்டீங்களே."

தனசிங் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு... எப்போ தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. விசாரிக்காமலா எங்கப்பா பொண்ணு குடுப்பாரு?"

"தெரிஞ்சுமா குடுத்தாரு?"

தபீதாள் அவர் சட்டைப் பையில் இரண்டு பேனாவைச் செருகினாள்.

"தெரிஞ்சதாலதான் குடுத்தாரு. இப்படி ஒண்ணை மறைச்சு வச்சிருக்கறவன் ஆயுசுக்கும் பொண்டாட்டிகிட்ட குரலை உசத்த மாட்டான்னாரு. பெல் அடிச்சிட்டாங்க, ஓடுங்க!"