இல்லாத புத்தகத்தின் எண்பத்திரண்டாம் பக்கம்

கட்டுகஸ்தோட்டை,
வெள்ளிக்கிழமை.

மாத்தளையில் மகன் பிரதீஸ் வீட்டில் இருக்கும் என் மூத்த சகோதரி திருமதி இரத்தினம்மா அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் ஒரே தம்பி கிருஷ்ணராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் புஷ்பராணியும் சுகம். அவள் சுகம் உண்மை, என்னுடையது மரியாதைக்கு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் கேட்கலாம்தான், ஆனால் என் நம்பரைக் கண்டதும் நீங்கள் கட் பண்ணுவது இரண்டு வருஷமாக நடக்கிற வேலை, ஆகவே கடிதம். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் எழுத்துள்ள காகிதத்தைக் கிழிக்க உங்களுக்கு மனசு வராது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முப்பத்தி நாலு வருஷம் அரசாங்கக் கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. அக்குறணையில் நஸீம் நானா என்று ஒருவர் கொப்பி, பேனை விற்கிற கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் மேல்மாடியில் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு "வாழ்க்கை வரலாற்று வாசகர் வட்டம்" கூடுகிறது, தலைவர் டக்ளஸ் மாஸ்டர். மாதம் ஒருவர் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாற்றையோ சுயசரிதையையோ வாசித்துவிட்டு வந்து பேசவேண்டும், மற்றவர்கள் விவாதிக்க வேண்டும், பிறகு பிளேன்டீயும் வடையும். நான் போனது வடைக்கு என்று புஷ்பராணி சொல்கிறாள், அதை இங்கே விவாதிக்க வேண்டாம். அந்த வட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் காய்ச்சல் மாதிரித் தொற்றுகிற வருத்தம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். போன மாதத்துப் பெரிய மனிதர் என்ன செய்தாரோ அதை இந்த மாதம் எல்லாரும் செய்வார்கள். ஒருவர் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து முன்னேறினார் என்று கேட்டுவிட்டு, தை மாதத்துக் கண்டிக் குளிரில் பதினெட்டுப் பேர் பச்சைத் தண்ணீரில் குளித்து, அடுத்த கூட்டம் முழுவதும் தும்மல். இன்னொருவர் தன் செருப்பைத் தானே தைத்தார் என்றதும் நஸீம் நானாவும் தைத்தார், இரண்டையும் இடது காலுக்கே தைத்துவிட்டார், ஒரு மாதம் கடைக்குள் வட்டம் போட்டே நடந்தார். டக்ளஸ் மாஸ்டர் சீனியை விட்டார். ஒரு சரிதையைக் கேட்டு நானும் வாரம் ஒரு நாள் மௌனவிரதம் இருந்தேன், புஷ்பராணி அதை வாரம் மூன்று நாள் ஆக்கச் சொன்னாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பேசுகிற முறை எனக்கு வந்தது. நான் ஒரு புத்தகத்தையும் பதினோராம் பக்கத்துக்கு மேல் வாசித்தவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், என்னை எழுப்பி எழுப்பிப் படிக்க வைத்தவரே நீங்கள்தான். டக்ளஸ் மாஸ்டர், பிடித்தால் இதைப் பற்றிப் பேசுங்கள் என்று ஒரு வைத்தியரின் வாழ்க்கை வரலாற்றைக் கொடுத்தார், தலையணைத் தடிப்பு, தலையணையாகவே பயன்பட்டது. சரி, போகிற வழியில் பஸ்ஸில் கடைசி அத்தியாயத்தையாவது பார்த்துக்கொள்வோம் என்று அன்றைக்குக் கண்டி டவுனுக்கே போய், புறப்பட நின்ற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் சீட்டுப் பிடிக்கப் புத்தகத்தை வைத்துவிட்டுக் கடலை வாங்க இறங்கினேன். கடலைக்காரர் சுருள் சுற்றி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அது அக்குறணை வழியாக மாத்தளைக்குப் போகிற பஸ். இரண்டு வருஷமாக நான் வராத ஊருக்கு, என் சார்பில் ஒரு வைத்தியர் சீட்டில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார்.

அடுத்த பஸ்ஸில், கையில் கடலையோடு, அக்குறணையில் போய் இறங்கினேன். மேல்மாடியில் ஆட்கள் நிறைந்திருக்க, "இன்றைக்கு நம்ம கிருஷ்ணராஜ் எந்த நூலைப் பற்றிப் பேசப் போறார்னு அவரே சொல்வார்" என்று டக்ளஸ் மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். புத்தகம் தொலைந்தது என்று சொல்லியிருக்கலாம். கொடுத்தவர் தலைவர் கதிரையில் இருந்தார், வாய் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் நஸீம் நானாவின் பழைய தையல் மெசின் ஒன்று இருந்தது, மேசைக்குப் பதிலாக அதன்மேல்தான் வடைத்தட்டு வைப்பார்கள். அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்து, "நூலின் பெயர் தையல் மெசினும் நானும், எழுதியவர் மாத்தளை இரத்தினம், சுயசரிதை" என்று சொல்லிவிட்டது.

அக்கா, கோபப்படாமல் வாசியுங்கள். உங்கள் கதையைத்தான் சொன்னேன்.

அம்மா போய், அப்பா படுக்கையில் கிடந்த வருஷம், எனக்கு ஏழு வயது, உங்களுக்குப் பதினெட்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பெயர் பதிய ஏலாது என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். அதை எடுக்க ஒரு கந்தோருக்குப் பதினேழு தரம் நடந்ததையும், பதினேழு தரமும் அந்தக் கிளாக்கர் தலை நிமிராமல் "ஹெட்ட என்ன", சிங்களத்தில் நாளைக்கு வா, என்றதையும் சொன்னேன். பதினெட்டாம் தரம் நீங்கள் கைத் தையல் மெசினைத் தலையில் தூக்கிக்கொண்டு போய், "நாளைக்கு வரச் சொன்னா நடந்து வரணும், இங்கயே இருந்துட்டா வரத் தேவையில்லை" என்று கந்தோர் விறாந்தையில் பாய் விரித்து உட்கார்ந்து தைக்க ஆரம்பித்ததைச் சொன்னேன். கிளாக்கர் விண்ணப்பப் போர்மைத் தூக்கி எறிந்ததும் அவர் கன்னத்தில் நீங்கள் ஒன்று விட்டதையும் சொன்னேன். முதல் நாள் துரத்த வந்த பியோனின் காற்சட்டைக் கிழிசலைத் தைத்துக் கொடுத்தீர்கள். இரண்டாம் நாள் அவன் தன் பெண்சாதியின் சட்டையைக் கொண்டுவந்தான். மூன்றாம் நாள் கந்தோருக்கு வந்த சனமெல்லாம் குடை, பை, தலையணை உறை என்று உங்கள் முன்னால் வரிசையில் நின்றது. நாலாம் நாள் பெரிய அதிகாரி வெளியே வந்து பார்த்து, கவுண்டருக்கு முன்னால் இருந்ததைவிட மெசினுக்கு முன்னால் வரிசை நீளம் என்று கண்டு, வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாற்பது நிமிஷம் பேசினேன். என் வாழ்க்கையில் ஒருவரும் என் பேச்சை நாலு நிமிஷம் கேட்டது கிடையாது. வடை ஆறிப்போனது, ஒருவரும் எடுக்கவில்லை. பாதியில் எனக்கே ஒன்று உறைத்தது. நான் சொன்னதில் புத்தகம் ஒன்றுதான் பொய், மற்றதெல்லாம் உண்மை. கந்தோரில் நான் வேலை பார்த்த முப்பத்தி நாலு வருஷமும் ஒருவரையும் நாளைக்கு வா என்று சொன்னதில்லை, அது ஏன் என்று இந்த வயதில் அக்குறணை மேல்மாடியில் நின்றபோதுதான் விளங்கியது. பேச்சை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கடலை என்று சமாளித்தேன்.

அத்தோடு வீட்டுக்கு வந்திருந்தால் தப்பியிருப்பேன். விவாதம் என்று ஒன்று இருக்கிறதே. இல்லாத புத்தகத்தை யார் விவாதிப்பார்கள் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். டக்ளஸ் மாஸ்டர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நல்ல நூல். நான் ரெண்டாம் பதிப்பு வந்தப்பவே வாசிச்சிட்டேன். ஆனா கிருஷ்ணராஜ் ஒரு இடத்துல பிழை விட்டுட்டார். அந்தக் கிளாக்கர் போர்மைத் தூக்கி எறிஞ்சதும் கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டாங்கன்னு சொன்னார். அவங்க அடிக்கலை. கையை ஓங்கினாங்க, அவ்வளவுதான். எண்பத்திரண்டாம் பக்கம்."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். "அடிச்சாங்க சேர்" என்றேன். "ஓங்கினாங்க" என்றார். "நல்லாத் தெரியும் சேர், அடிச்சாங்க" என்றேன். "புத்தகத்தை ஒழுங்கா வாசிக்கணும் கிருஷ்ணராஜ், மேலோட்டமா வாசிக்கப்படாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மெசினுக்குப் பக்கத்தில் நூல்கட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான், அந்த மனிதர் மடவளையில் எங்கேயோ பந்தடித்துக்கொண்டிருந்திருப்பார், அவர் எனக்குப் பக்கம் சொல்கிறார்.

அதற்குள் அனுஷியா எழுந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இங்கே நேர்ஸாக இருக்கிறாள், பொய் பேசுகிற முகமே இல்லை. "ஓம், நானும் வாசிச்சனான். எனக்குப் பிடிச்ச இடத்தை ஐயா விட்டுட்டார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலை நிண்டு அந்தக் கடிதத்தைக் கிழிச்சு ஆத்திலை விடுற இடம். தம்பியை விட்டுட்டு வர ஏலாது எண்டு. நான் அழுதுபோட்டன்" என்றாள். என்ன கடிதம் அக்கா? யார் எழுதியது? அப்படி ஏதும் இருந்ததா? பிறகு நஸீம் நானா, "கடைசி அத்தியாயத்துல எங்கட வாப்பாட கடையும் வருதுதானே, அவங்க நூல்கட்டை வாங்கினது இங்கதான். ரெண்டு புத்தகம் கடையில இருந்திச்சு, வித்துப் போச்சு" என்றார். கைதட்டல். ஒருவர்கூட அந்தப் புத்தகத்தை வாசிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவில்லை, அக்கா. வாசிக்காதவன் நான் ஒருவன்தான் என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

முடிவில் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த கூட்டம் அந்த நூலுக்கான சிறப்புக் கூட்டம், எல்லாரும் தத்தம் பிரதியோடு வரவேண்டும், எண்பத்திரண்டாம் பக்கத்தைச் சபையில் வாசித்துப் பிணக்கைத் தீர்க்கவேண்டும், முடிந்தால் நூலாசிரியரை அழைத்துப் பொன்னாடை போர்த்தவேண்டும். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நூலாசிரியர் காலமாகிவிட்டார் என்று சொல்லித் தப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், உங்களைச் சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. டக்ளஸ் மாஸ்டர் மரக்கறிச் சந்தையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "என் பிரதியைப் பழைய மாணவன் ஒருத்தன் கொண்டு போயிட்டான், உங்க பிரதியை ரெண்டு நாளைக்குத் தாங்க" என்றார். அடுத்த நாள் அனுஷியா டியூட்டி முடிந்து வீட்டுக்கே வந்து, தன்னுடையது யாழ்ப்பாணத்தில் அலுமாரிக்குள் இருக்கிறது என்றாள். நஸீம் நானா போன் பண்ணி, கடைக்கு ஐம்பது பிரதி எடுக்கலாம், ஆசிரியர்ட நம்பர் ஈக்குதா என்றார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். பொய்க்காகக் கேட்கவில்லை, அக்கா, அவர்களுக்கு உண்மையிலேயே வாசிக்கவேண்டும் போலிருக்கிறது.

ஆகவே தங்களிடம் பணிவான வேண்டுகோள். எழுதித் தாருங்கள். பத்துப் பக்கம் போதும், எண்பத்திரண்டு என்று ஒரு தாளில் மட்டும் இலக்கம் போட்டு, அதில் கிளாக்கரை அடித்தேன் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். பிரதீஸ் டைப் பண்ணட்டும், போட்டோக்கொப்பி நான் பார்த்துக்கொள்கிறேன். நேரில் மட்டும் வரவேண்டாம். சபையில் நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தால் போதும், நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவேன்.

இதை எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்லத்தான், அதை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். என் மகள் சுபாஜினியின் கல்யாணக் கார்டு. அதில் பதினாலு பேர் பெயர் போட்டேன், எனக்கு முகமே ஞாபகமில்லாத ஒரு பிரமுகர் பெயர்கூட இருந்தது, உங்கள் பெயர் இல்லை. மண்டபத்துக்கு வழி காட்டுகிற படம் போட இடம் போதவில்லை, ஒரு வரி எடுக்கவேண்டும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். நம்ம அக்காதானே, கோவிக்க மாட்டாங்க என்று உங்கள் வரியை எடுக்கச் சொன்னேன். அந்த மண்டபம் எல்லாருக்கும் தெரிந்த மண்டபம், ஒருவரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் என் பெயரை எழுத வைத்தவரின் பெயரை நான் வெட்டினேன். பிழை என்னுடையது. வேறு சாட்டு இல்லை.

பிரதீசுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லாரும் குறைவில்லாமல் இருக்க, கதிரேசன் கோயிலில் உங்கள் பெயரைச் சொல்லி அர்ச்சனை வைத்திருக்கிறேன். இந்தத் தரம் பெயரைச் சரியாகச் சொன்னேன்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும் தம்பி,
கிருஷ்ணராஜ்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் புஷ்பராணி இதை வாங்கி வாசித்துவிட்டு, சிரித்துச் சிரித்துக் கதிரையிலேயே சரிந்துவிட்டாள். இரண்டு வருஷமும் நீங்கள் இரண்டு பேரும் தினம் பின்னேரம் போனில் பேசுகிறீர்களாமே. நான் அக்குறணையில் இருந்து வந்த அன்றைக்கே கதை முழுவதும் மாத்தளைக்கு வந்துவிட்டதாம். கல்யாணத்துக்கு வராமல் வீட்டில் இருந்த அன்றைக்குத் தொடங்கி, நீங்கள் சி.ஆர். கொப்பி ஒன்றில் உங்கள் கதையை எழுதிக்கொண்டு வருகிறீர்களாம், முடிந்துவிட்டதாம், அந்த ஞாயிற்றுக்கிழமை அக்குறணைக்கு நேரிலே வருகிறீர்களாம், "தம்பிக்குச் சொல்லாதே, கொஞ்சம் பயந்து கிடக்கட்டும்" என்றீர்களாம். கிளாக்கரை நீங்கள் அடிக்கவில்லையாம், கையை ஓங்கியதும் அவரே பயந்து கதிரையோடு விழுந்தாராம், நான் துணி மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்ததால் சத்தம் மட்டும் கேட்டேனாம். நூல்கட்டை நஸீம் நானாவின் வாப்பா கடையில் வாங்கினது உண்மையாம். பாலத்துக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "யார் அந்தப் பிள்ளை, கெட்டிக்காரி" என்று மட்டும் கேட்டீர்களாம். ஆகமொத்தம் அந்தப் புத்தகத்தை ஒழுங்காக வாசிக்காதவன் நான் ஒருவன்தான். இந்தக் கடிதத்துக்கு இனி வேலை இல்லை, முத்திரை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன்.

இன்னொன்றும் புஷ்பராணி சொன்னாள். கொப்பியில் பியோன் பெயர் இருக்கிறதாம், கிளாக்கர் பெயர் இருக்கிறதாம், என் பெயர் மட்டும் ஓர் இடத்திலும் இல்லையாம், "தம்பி ஒருத்தன் இருந்தான்" என்பதோடு சரியாம். ஏன் என்று கேட்டேன். இருநூறு பக்கக் கொப்பியில் இடம் போதவில்லையாம்.