பேரியத்தை நிமிர்த்தியவர்

நிமிர்த்துகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? சுவரில் மாட்டிய படம் அரை விரற்கடை சாய்ந்திருந்தால் இவர்களுக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் கட்டிய வாழைமரத்தையும் ஒரு தள்ளு தள்ளி நிமிர்த்திவிட்டுத்தான் பந்திக்குப் போவார்கள். போகட்டும். இந்த இனத்தில் ஒருவர் வேதியியல் துறைத் தலைவராகிவிட்டால்?

தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் பாபநாசம் அப்படி ஆனார். அவரிடம் ஆராய்ச்சி செய்த சுகிர்தா வருஷக்கணக்காய் மல்லுக்கட்டி நிறுவியது ஒரே சங்கதி: கைக்கொன்றாய் இரண்டு ஃப்ளோரினைப் பிடித்த பெரிலியம் நேராக நிற்கும், அதே குடும்பத்துக் கனத்த பேரியமோ, ஆவி நிலையில், வளைந்துதான் நிற்கும். வாய்மொழித் தேர்வில் காட்ட, ரப்பர் பந்தில் கட்டுக்கம்பியைச் செருகி, முனைக்கொரு பாசிமணி கோத்து, வளைத்து வைத்தாள். டாக்டர் பட்டமே அந்த வளைவில்தான் இருந்தது.

பாபநாசம் வந்தார்.

"என்னம்மா இது, கோணிக்கிட்டு நிக்குது?"

"அப்படித்தான் சார் நிக்கணும். ஆய்வேட்டுல இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீய."

"கையெழுத்துப் போடுதவன் வாசிச்சுட்டா போடுதான்? ரெண்டாம் தொகுதித் தனிமம்னா நேர்கோடு. எங்க சாரே சொல்லியிருக்காரு!"

நிமிர்த்தினார். அவள் வளைத்தாள். காப்பிக்குப் போகும்போது நிமிர்த்தினார், வெற்றிலை துப்பிவிட்டு வரும்போது நிமிர்த்தினார், மெட்ராஸிலிருந்து வந்த தேர்வாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கடைசியாக ஒருமுறை ஆசை தீர நிமிர்த்தினார். கம்பி எத்தனை தடவைதான் தாங்கும்? முனையில் பட்டென்று ஒடிந்தது. பாசிமணி உருண்டோடித் தேர்வாளர் காலடியில் நின்றது.

சுகிர்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேர்வாளர் மணியை எடுத்தார், பந்தின் இருபுறமும் நேராக நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்தார்.

"பேரியம் ஃப்ளோரைடாம்மா? இதை யாரு நேரா வெச்சது? உன் ஆய்வேடே தப்புன்னு ஆயிடுமே!"

"அதானே சார்!" என்று பாய்ந்தார் பாபநாசம். அதுவரை விறைத்து நின்ற முதுகு, பெரியவர் முன்னால் சட்டென்று மடங்கியிருந்தது. "காலையில இருந்து தலையால அடிச்சுக்கிடுதேன், வளைச்சு வையி, வளைச்சு வையின்னு. இந்தக் காலத்துப் பிள்ளைக எங்க கேக்குதுவ?"

"சரி, எவ்வளவு வளையும்? சொல்லும்மா."

சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பேராசிரியரை ஒரு பார்வை பார்த்தாள்.

"செங்கோணத்த விடக் கொஞ்சம் கூட, சார். இப்ப எங்க சார் நிக்காங்கள்லா, ஏறக்குறைய அந்த அளவு."

தேர்வாளர் சிரித்த சிரிப்பிலேயே பட்டம் உறுதியாகிவிட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள், நல்லது. மகள் வரைந்த வீட்டைப் பார்த்து, "சுவர் நேரா இருக்கணும்லா" என்று ரப்பரை எடுத்தது யார்? வீட்டுக்கு வந்த மேலதிகாரி, "அடடா, கோணல்தான் அழகே" என்றதும், "நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன்" என்றது யார்?