கெட்டிமேளத்துக்கு ஒரு கட்டளை

கறுப்புத்திரைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கம்ப்யூட்டரில் படம், பட்டன் எதுவும் இவர்களுக்கு ஆகாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை அடித்தால்தான் பாட்டுக் கேட்ட திருப்தி. இரண்டாயிரத்துக்குப் பிறகு புனேயில் இவர்கள் பெருகிப்போனார்கள்.

அங்கே போசரி வட்டாரத் தொழிற்சாலையொன்றில் கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி ஆண்ட விஸ்வேஸ்வரனைப் பாருங்கள். வீட்டு மெஷினின் மௌஸைப் பிடுங்கிப் பரணில் போட்டவர். மனைவி மங்கையர்க்கரசி ஒரு பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் இவர் ஆபீஸிலிருந்து வந்து, கைகால் கழுவி, கண்ணாடி துடைத்து, அரை முழத்துக்குக் கட்டளை அடித்து, நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து அடித்து, பாட்டு வருவதற்குள் அந்த அம்மாளுக்குத் தூக்கம் வந்துவிடும். "பாத்தியா, எவ்வளவு சிம்பிள்!" என்பார்.

மகள் தேஜஸ்வினிக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். ஊரிலிருந்த ஒரே நாதஸ்வரக்காரர் அன்று வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார். தட்டு மாற்றும்போது கெட்டிமேளம் வேண்டாமா? யாராவது தும்மித் தொலைத்தால்? மாப்பிள்ளையின் அத்தையோ சகுனம் பார்ப்பதில் பெயர் வாங்கியவர். அவர் முகம் சுளித்தே மாப்பிள்ளைக்கு முந்தைய சம்பந்தம் ஒன்று நின்றுபோயிருந்தது.

"டேப் ரெக்கார்டர் போதுமேங்க" என்றாள் மனைவி.

"பட்டன் அமுக்க நான் எதுக்கு? மெஷின்ல நேரத்தைச் சொல்லி வெச்சாச்சு. தானா வாசிக்கும்."

"பப்பா, ப்ளீஸ், ரிஸ்க் வேணாம் நா" என்று புனேத் தமிழில் கெஞ்சினாள் மகள். பயம் அவளுக்கு, இவருக்கென்ன?

முகூர்த்தம் வந்தது. தட்டும் கை மாறியது. மேளம் வரவில்லை.

கூடம் கப்சிப். அத்தையின் புருவம் மெல்ல ஏறியது, தேஜஸ்வினிக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் "வரும், வரும்" என்று திரையைத் தட்டிக்கொண்டிருக்கையில், சாம்பிராணிப் புகை பட்டு இவருடைய மூக்கே விடைக்க ஆரம்பித்தது. முப்பது வருஷமாக அந்த மூக்கை அறிந்தவள் மங்கையர்க்கரசி. பாய்ந்து போய்த் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து அடித்தாளே ஓர் அடி! தும்மல் போன இடம் தெரியவில்லை. அத்தை அட்சதை போட்டார். சம்பந்தம் பிழைத்தது.

சாயங்காலம், சம்பந்திகள் கிளம்பிப் போன பிறகு, காலிக் கூடத்தில் கெட்டிமேளம் முழங்கியது. இந்த இனத்தார் மெஷினில் நம்மூர் நேரம் வைப்பதில்லை. நமக்கு ஐந்தரை மணி பின்னால் வரும் கிரீன்விச் நேரம்தான் கௌரவம்.

"பாத்தியா, ஒரு செகண்ட் பிசகலை!" என்றார்.

அவள் தாம்பாளத்தின் நெளிவைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள். "நிறுத்துங்க" என்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களைத் தவிர யாராலும் இயக்க முடியாத சாமான் ஒன்று உங்கள் வீட்டிலும் உண்டல்லவா? போன தடவை நீங்கள் வெளியூரில் இருந்தபோது அதற்காக வீட்டிலிருந்து போன் வந்தது. "இதுகூடத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தீர்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், உள்ளுக்குள் இனித்ததா இல்லையா?