மூன்று கோடு வரை கான்ஜி

இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. நாளைக் காலை பதினொன்றுக்குச் சென்னையிலிருந்து அதிகாரி வகுப்பைச் சோதிக்க வந்துவிடுவார்.

ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஷெரின் ஜப்பானிய மொழி நடத்தினாள். முதியோரைக் கவனிக்கும் வேலைக்கு ஜப்பான் போகவிருக்கும் பெண்கள்தான் மாணவிகள். அந்த மொழிக்கு மூன்று வகை எழுத்து. ஹிரகானாவும் கதகானாவும் ஷெரினுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மூன்றாவதான கான்ஜியில் ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று வேகமாக வந்தவள், நான்கு கோடாக இல்லாத நான்கைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா, ரெண்டு வகை எழுத்துதான் நடத்திருக்கோம்னு சொல்லிருவமா?"

"மூணும் முடிஞ்சுன்னு சென்னைக்குப் போன்லயே சொல்லிட்டேன்" என்றார் மையத்தை நடத்தும் ஜெயபாய். "இப்ப மாத்துனா வகுப்பையே மூடிருவாவ. பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர்ல உங்கம்மா மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவாவ."

ஷெரின் கரும்பலகை முழுக்க முதல் இரண்டு வகை எழுத்துகளையும் எழுதி நிரப்பினாள். ஜெயபாய் பாதியை அழித்தார்.

"இந்தப் பக்கம் கான்ஜிக்கு, ஏட்டி."

வெற்றிடத்தை எதையாவது கொண்டு மறைக்க வேண்டும். ஆளுக்கொரு சார்ட்டில் ஹிரகானாவைப் பெரிதாக எழுதி அங்கே ஒட்டும்படி மாணவிகளிடம் சொல்லிவிட்டு, ஷெரின் ஊருக்கு பஸ் ஏறினாள்.

மறுநாள் பஸ் தாமதம். வந்து பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. எல்லா எழுத்துகளும் சுழித்து, வளைந்து, புள்ளிகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தன.

"கோடெல்லாம் அந்தரத்துல நின்னுச்சு டீச்சர்" என்றாள் மார்கழிக் கோலப் போட்டியில் பரிசு வாங்கிய மாணவி வெள்ளத்தாய். "கோலத்த அப்படி விட்டா வீட்டுக்கு ஆகாதுல்லா. எல்லாத்தையும் இழுத்து முடிச்சு விட்டுட்டோம்."

"இது கோலம் இல்ல, வெள்ளத்தாய்."

"அதான் பாக்க நல்லால்ல. இப்பப் பாருங்க."

கிழிக்கக் கை நீட்டும்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம். அதிகாரி பாண்டிதுரை வேர்த்துப்போய் வந்து நின்றார். பலகையின் ஒரு பாதியைப் பார்த்தார். மறுபாதிக்கு வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது... கான்ஜிதானே?"

"இல்ல சார்" என்று சொல்லத்தான் ஷெரின் வாயைத் திறந்தாள்.

"ஆமா சார்" என்று முந்திக்கொண்டார் ஜெயபாய்.

"ரொம்ப நுணுக்கம்" என்றார் பாண்டிதுரை. "இந்த அளவுக்கு நான் வேற எங்கேயும் பார்த்ததில்ல." கேள்வி எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபியும் வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார்.

ஷெரின் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போது அதிகாரியின் டிரைவர் ராம்கி, காலி பாட்டிலோடு மேலே வந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க டீச்சர். சாரு கார்ல உக்காந்து இன்னும் நடுங்கிட்டிருக்காவ. நீங்க ஜப்பான் பாஷையில எதுவும் கேட்டுரக் கூடாதுன்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தாவ. ஜப்பான் பாஷை பாக்குற சாருக்குக் காய்ச்சல். இவிய ஜெர்மன் சாரு."