கிரேன் கம்பி கட்டிய கிட்டார்

கம்பி என்று ஒன்று இருந்தால் அதை இழுத்துக் கட்ட எனக்குத் தெரியும் என்று இருபத்து நான்கு வயது வரை உறுதியாக நம்பியிருந்தேன். துறைமுகத்தில் நான் கலாசி. கப்பலிலிருந்து இறக்குகிற சரக்குக்குக் கம்பி வடம் மாட்டி, கிரேனுக்குக் கைகாட்டுவது என் வேலை. ரயில் எஞ்சினையே அந்தரத்தில் தொங்க விட்டவன். (தொங்க விட்டது கிரேன். நான் கீழே நின்று கையை ஆட்டினேன். ராயபுரத்தில் யாரிடமும் இதை அந்த வயதில் நான் விளக்கிச் சொன்னதில்லை.) அந்த நம்பிக்கையோடு நான் கை வைத்த ஒரே இசைக்கருவியின் கதை இது. துக்க வீட்டுக் கதைதான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நாங்களும் சிரித்திருக்கிறோம்.

கிட்டார் என் அண்ணன் சேவியருடையது. பேஸ் கிட்டார். நாலே நாலு தந்தி, ஒவ்வொன்றும் நல்ல தடிமன். கரண்டில் ஓடுகிற சாமான். மற்ற கிட்டார்கள் மேலே நின்று மெட்டைப் பாடும்போது இது அடியில் கிடந்து தும் தும் என்று உறுமும். எவனோ ஒரு கப்பல்காரனிடமிருந்து அண்ணன் அதை வாங்கினான். கல்யாண வீடுகளில் கச்சேரி செய்த ஒரு குழுவில் சில வருடங்கள் வாசித்தான்.

எங்கள் நைனாவுக்குக் காது கேட்காது. முப்பது வருடம் பாய்லர் பட்டறையில் ரிவிட் அடித்ததில் இரண்டு காதும் போய்விட்டன. அண்ணன் வீட்டில் வாசித்துப் பழகும்போது மட்டும் நைனா ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அந்தக் கை வழியாகத்தான் அவருக்குச் சத்தம்.

"நீங்கல்லாம் வாயத்தான் அசைக்கிறீங்க. பெரியவன் வாசிக்கிறது ஒண்ணுதான் எனுக்குக் கேக்குது" என்பார்.

பிறகு அண்ணனுக்கு மணலியில் வேலை கிடைத்தது. ஷிப்டு முடிந்து வந்தால் படுக்கத்தான் நேரம். கிட்டார் பரணுக்குப் போய், ஐந்து வருடம் உப்புக் காற்றைத் தின்றுகொண்டு கிடந்தது. ஆறாவது வருடம் மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்விட்டான். பதினோரு நாளில் எல்லாம் முடிந்தது. அடக்கம் முடிந்து வந்த அன்றே நைனா பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிடக் கையசைத்துக் கூப்பிட்டால் வருவார், தட்டைக் கழுவி வைப்பார், போய்ப் படுத்துக்கொள்வார். கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படி. அவர் இருக்கும்போதே வீட்டில் இரண்டு பேர் இல்லாதது போல இருந்தது.

அண்ணனின் முதல் வருடப் பூசை நெருங்கியபோது அம்மா என்னிடம் சொன்னாள். "அந்தோணி, கோயில்ல அந்தக் கிட்டார வாசிக்க வெச்சா ஒங்க நைனா எதுனா பேசுவாரு போல கீது எனுக்கு. ஒரே ஒரு பாட்டு போதும்பா."

"வுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் விட்ட பெரிய உதார் இதுதான்.

அண்ணனோடு அதே குழுவில் வாசித்த ராயப்பன் வந்து கிட்டாரைப் புரட்டிப் பார்த்தான். "உள்ள கீற காந்தம்லாம் நல்லாத்தான் கீது மாமு. தந்திங்கதான் துருப்பிடிச்சி செத்துப்போச்சி. புதுசுக்கு பம்பாய்க்கு எழுதிப் போடறேன், வந்துரும். நீ தூசி மட்டும் தொடச்சி வையி. வேற எதுலயும் கைய வெக்காத, புரிதா?"

நான் தூசியைத் துடைத்தேன். துடைக்கும்போது ஓரிடத்தில் வார்னிஷ் உரிந்து வந்தது. துறைமுகத்தில் எங்களுக்கு ஒரே சட்டம்தான்: உரிந்தால் சுரண்டு, சுரண்டினால் பெயிண்ட் அடி. தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்த வார்னிஷை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாகச் சுரண்டினேன். கப்பலின் அடிவயிற்றுக்குப் பூசுகிற சிவப்புப் பெயிண்டை இரண்டு கோட்டு அடித்தேன். (நடுக்கடலில் விழுந்தாலும் அந்தக் கிட்டார் துருப்பிடிக்காது.)

என் தங்கை ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, கிட்டாருக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

பூசைக்கு ஒரு வாரம் இருந்தது. பம்பாயிலிருந்து கிட்டார்த் தந்திகள் வரவில்லை. தினமும் தபால்காரரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அம்மாவோ யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தாள், "எங்க சின்னவன் கிட்டார ரிப்பேர் பண்ணினுகீறான்." கடைசியில் கிரேனில் தேய்ந்துபோய்க் கழித்துப் போட்ட கம்பி வடத்தில் மூன்று முழம் வாங்கி வந்து, இழை இழையாகப் பிரித்தேன். உள்ளே பேஸ் தந்தியின் தடிமனிலேயே நாலு இழை கிடைத்தன. கடவுளே கொடுத்தது என்று நினைத்தேன்.

முறுக்குகிற திருகாணிகள் அந்தக் கம்பிக்கு ஈடுகொடுக்காமல் பல் உடைந்தன. அதற்கும் என்னிடம் வழி இருந்தது. கப்பல் கம்பிகளை இறுக்குவதற்குப் பாட்டில் ஸ்குரூ என்று ஒன்று உண்டு, நடுவில் பிடித்துத் திருகினால் இரண்டு பக்கமும் இழுக்கும். நாலு சின்ன பாட்டில் ஸ்குரூவை வால் பக்கம் மாட்டி, ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். கிட்டார் இப்போது கிட்டத்தட்ட ஒரு பாலம்.

பூசைக்கு முந்தின சாயங்காலம் ராயப்பன் வந்தான். பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

"டேய், கழுத்து வில்லு மாரி வளஞ்சிகினு கீதுடா!"

"பயப்படாத மாமு. கிரேன் கம்பி. அறவே அறாது."

"கம்பி அறாதுடா. கட்டை?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. எங்கள் வேலையில் அறுந்தால் கம்பிதான் அறும். எதைக் கட்டித் தூக்குகிறோமோ அது உடையும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை, எஞ்சினா உடையும்? ராயப்பன் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். அம்மா உள்ளேயிருந்து அவனுக்குக் காபி எடுத்து வந்து, "நாளிக்கு நல்லா வாசிப்பா" என்றாள். அவன் காபியை வாங்கிக்கொண்டு தலையாட்டினான்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலியில் மாலை போட்ட அண்ணன் படம். முதல் பெஞ்சில் நைனா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காணிக்கைப் பாட்டுக்கு மட்டும் வாசித்துக்கொள்ளலாம் என்று சாமியார் உத்தரவு கொடுத்திருந்தார். மைக்செட்காரர் ஸ்பீக்கர் பெட்டியில் வயரைச் செருகினார். ராயப்பன் சிவப்புக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் நின்று தடித்த தந்தியை ஒரு தட்டுத் தட்டினான்.

சத்தம் வந்தது. கப்பல் சங்கு ஊதினது போல, பெஞ்செல்லாம் அதிர, வந்தது. நைனா தலையைத் தூக்கினார். எழுந்தார். ஊரே பார்க்க நேராக நடந்து போய், ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் நான் மனதுக்குள் எனக்கே மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு முறை தட்டியிருப்பான். ஐந்தாவது தட்டில் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். கிட்டாரின் கழுத்து அடியோடு முறிந்தது. கம்பி அறவில்லை, நான் சொன்னபடியேதான். அறாத அந்தக் கம்பி தலைப்பகுதியைச் சுண்டி இழுத்துச் சுழற்றி, அண்ணன் படத்தின் நடுவில் கொண்டுபோய் அடித்தது. கண்ணாடி பீடத்துப் படிவரை சிதறியது. ஸ்பீக்கர் பெட்டி ஊளையிட்டது. மைக்செட்காரர் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

சாமியார் கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நைனாவுக்கு முறிந்தது கேட்கவில்லை, கண்ணாடி உடைந்தது கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கைக்கடியில் பெட்டி அடங்கிப்போனதுதான். கையை எடுக்காமல் கண்ணைத் திறந்து எங்கள் பக்கம் திரும்பினார். காது கேட்காதவர்களுக்கு உரிய உரத்த குரலில், ஒரு வருடத்துக்குப் பிறகு, கேட்டார்:

"இன்னாத்துக்கு நிறுத்திட்டான்?"

யாரைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா போய் அவர் கையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பெஞ்சுக்குக் கூட்டி வந்தாள். நான் மண்டிபோட்டுக் கண்ணாடித் துண்டு பொறுக்கினேன். பொறுக்கும்போது அழுதேன்.

அன்றிலிருந்து நைனா பேசினார். பெரும்பாலும் என்னைத் திட்டுவதற்காக. முறிந்த கிட்டாரைத் திருவொற்றியூர் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒட்டாது, வேண்டுமானால் நல்ல மணை ஒன்று செய்யலாம் என்றார். திரும்பத் தூக்கி வந்துவிட்டேன். பூசை முடிந்த மூன்றாம் நாள் பம்பாயிலிருந்து தந்திப் பார்சல் வந்தது. அதை நாங்கள் பிரிக்கவில்லை.

நைனா மறுபடி அந்த வாசிப்பைக் கேட்கவே இல்லை. அவருடைய கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. கரண்டு போனால், மிக்சி நின்றால், பஸ் நடுவழியில் படுத்தால், யாராவது ஒருவர் என்னைப் பார்த்து உரக்கக் கேட்பார்கள்: "இன்னாத்துக்கு நிறுத்திட்டான்?" என் பிள்ளைகள் கேட்கிறார்கள். மருமகள் வந்த இரண்டாம் மாதமே கேட்டுவிட்டாள்.

நைனாவின் அடக்கத்தன்று வழி நெடுக பேண்டு வாசித்துக்கொண்டு வந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் வாசிப்பு நின்றது. ஸ்டெல்லா அழுத முகத்தோடு என் காதருகே குனிந்து, "இன்னாத்துக்கு நிறுத்திட்டான்?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டது, அடக்க முடியவில்லை. முன்னால் போன அம்மா திரும்பி எங்களை முறைத்தாள். பிறகு அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.