தலைவி அம்மாவுக்கு என்ன கலர்?

மேலக்கடவு,
திருநெல்வேலி மாவட்டம்,
ஆனி 9.

மரியாதைக்குரிய மச்சான் குமரகுருபரன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் சிவசண்முகம் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் ஆற்றில் தண்ணீர் போகிறது, சாரல் விழுகிறது, என் முழங்கால் மழையை முந்திய நாளே சரியாகச் சொல்லிவிடுகிறது. அவ்விடம் கோயம்புத்தூரில் தாங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாயிருக்க நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் பார்த்துக்கொள்வார்கள். அதற்குமேல் இங்கே எதுவும் சரியில்லை. இக்கடிதம் கண்டவுடன் தாங்கள் புறப்பட்டு வந்து, தங்கள் தங்கையைப் பதவியிலிருந்து இறங்கச் சொல்ல வேண்டியது. நான் சொன்னால் கேட்க மாட்டாள். தாங்கள் சொன்னாலும் கேட்க மாட்டாள். ஆனால் நாம் இரண்டு பேரும் சொன்னோம் என்று இருக்கட்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன், வரிசை தவறாது. சித்ரலேகா எங்கள் பேரூராட்சித் தலைவியாகி மூன்று மாதமாகிறது. பள்ளிக்கூடத்தில் அவளிடம் கணக்குப் படித்தவர்கள் பழைய பயம் தெளியாமல் வாக்களித்ததில் வந்த வினை இது. தலைவியான நாள்முதல் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: படித்துறையில் குளிக்கும் பெண்களுக்கு ஈரத்துணி மாற்ற மறைவாக ஓர் அறை. முன்பு இருந்ததை வெள்ளம் கொண்டுபோய் ஆறு வருஷமாகிறது. அதற்கு அவள் எழுதிய நான்கு கடிதங்களுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று நான்கு பதில் வந்தது. நான்கிலும் ஒரே எழுத்துப் பிழை. இந்த நிலையில் படித்துறைக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கும் குடிநீர்த் தொட்டியைத் திறந்துவைக்கக் கலெக்டரம்மா வெள்ளிக்கிழமை வருவதாக முடிவாயிற்று. மனுவை நேரே அவர் கையிலேயே கொடுத்துவிடுவது என்று சித்ரலேகா தீர்மானித்தாள். தலைவியாக அவள் ஏறப்போகும் முதல் அரசு மேடையும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பேரூராட்சி அலுவலகத்திலிருந்து ஆமிர் போன் செய்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி உள்ள மனிதர். விழா உபசாரமெல்லாம் அவர் பொறுப்பு. எதையும் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய மாட்டார். “அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை விழாவுக்கு லிஸ்ட் எழுதுதேன். தலைவி அம்மாவுக்கு என்ன கலரு?” என்றார். என் சர்வீஸ் முழுக்க நான் உடுத்திய சட்டையின் நிறத்தை ஒருவர்கூடக் கேட்டதில்லை; ஒரு பெண் தலைவி என்றதும் அரசாங்கம் புடவை நிறத்தை முன்கூட்டியே எழுதி வாங்குகிறதே, என்ன நுட்பமான நடைமுறை என்று நெகிழ்ந்துபோனேன். கலெக்டரம்மாவின் நிறத்தோடு மோதிவிடக் கூடாதே என்று, “அவங்களுக்கு என்ன கலர்?” என்று கேட்டேன். “அவங்களுக்கு வெறுந்தண்ணி போதும்னு சொல்லிட்டாங்க” என்றார். தண்ணீர் என்றால் வெளிர்நீலம் என்று குறித்துக்கொண்டேன். “யோசிச்சு நாளைக்குச் சொல்லுதேன்” என்றேன். “இதுக்கு என்ன அண்ணாச்சி யோசனை?” என்றார். பாவம், விஷயத்தின் ஆழம் அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான், முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவர் தாங்கள், நிறங்களைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு பேரூராட்சித் தலைவி உடுத்தக்கூடிய நிறம் என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை என்பதை அந்த ஒரே நாளில் ஊர் எனக்குக் கற்பித்தது. பச்சை என்றேன், மூன்றாம் வார்டு கவுன்சிலர் “அது அவங்க கட்சிக் கரைல்லா” என்றார். சிவப்பு என்றேன், “அது இவங்க கொடி” என்றார் ஏழாம் வார்டு. நீலம், மஞ்சள், காவி மூன்றுக்கும் டீக்கடையில் வைத்து ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு சாதி, ஆளுக்கொரு சாமி சொன்னார்கள். கறுப்பு உடுத்தினால் தண்ணீர்த் தொட்டிக்கே எதிர்ப்புக் காட்டுவதாக ஆகிவிடுமாம். சாம்பல் நிறம் என்றால் தொட்டி எது, தலைவி எது என்று தூரத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாதாம். கடைசியில் வெள்ளை என்று வாய் தவறிச் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, “அண்ணாச்சி, நீரு இன்னும் இருக்கீருல்லா வே!” என்றார். நிறம் போனால் போகட்டும், துணியைப் பார்ப்போம் என்றால், பட்டு உடுத்தினால் அதற்குள் சம்பாதித்துவிட்டாள் என்பார்கள், நூல்புடவை உடுத்தினால் விழாவை மதிக்கவில்லை என்பார்கள், இஸ்திரி போட்டால் மிடுக்கு, போடாவிட்டால் அழுக்கு. நான் இதையெல்லாம் நான்கு பக்க அட்டவணையாகத் தயாரித்துக்கொண்டு போய் நீட்டினேன். சித்ரலேகா மனு எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், “எனக்கு முன்னால இருபது வருசம் ஒருத்தர் வெள்ளை வேட்டி கட்டிட்டே போனாரு. அவருக்கு என்ன கலருன்னு யாராச்சும் கேட்டாவளா?” என்றாள். அவர் காலத்தில் இந்த நடைமுறை வந்திருக்காது என்று விளக்கினேன். “அட்டவணையை அங்கன வச்சுட்டுப் போங்க, பின்பக்கம் வெறுமையா கெடக்கு, எனக்கு எழுத ஆவும்” என்றாள்.

அப்போதுதான், போன தீபாவளிக்குத் தாங்கள் எடுத்துக் கொடுத்த மயில்கழுத்துப் புடவை ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் பச்சை, அந்தப் பக்கம் நின்று பார்த்தால் நீலம். எந்தக் கட்சியும் முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியாது. சட்டப்படி அது ஒரு பொதுச்சொத்து. ரவிக்கைக்கு அளவு கொடுத்தாயிற்றா என்று விசாரிக்கத் தையல்கடை நஃபீஸத்திடம் போனேன். அந்த அம்மாள் மிஷினை நிறுத்தாமல், “அக்கா ரவிக்கைக்கு வரலியே அண்ணாச்சி. மனுவுல கையெழுத்து வாங்கத்தான் வந்தாவ. நம்ம கடையிலதான் வச்சிருக்காவ, வாறவ போறவ எல்லாம் போடுதாவ” என்று ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. நான் அதைப் பார்த்துவிட்டு, பழைய ரவிக்கையே பொருந்துமா என்று கேட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வந்துவிட்டேன்.

புதன்கிழமை ஆமிருக்கு நானே போன் போட்டேன். “முடிவாயிட்டு ஆமிர். மயில்கழுத்து.”

“மயில்கழுத்தா? அப்படி ஒரு கலரு வந்திருக்கா அண்ணாச்சி?”

“ரெட்டைக் கலரு. பாதி பச்சை, பாதி நீலம்.”

“ரெண்டும் ஒண்ணுலயேவா? யா அல்லா! நம்மூர்க் கடையில கெடைக்காதே.”

“எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு.”

“ஒண்ணு எப்படிக் காணும்? மேடையில ஒன்பது பேருல்லா. எல்லாருக்கும் அதையே குடுத்தாத்தான் மரியாதை. நான் திருநெல்வேலியில விசாரிக்கேன்.”

“ஒன்பது பேருக்குமா? ஆம்பளைகளுக்குமா?”

“அவங்களும் மனுசங்கதானே அண்ணாச்சி” என்று வைத்துவிட்டார்.

அந்த ஒன்பது பேரில் ஒருவரான செயற்பொறியாளர் ஆறடி உயரம், முறுக்கு மீசை. அவரை மயில்கழுத்தில் நினைத்துப் பார்க்கையில் ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் உத்தரவு என்றால் உத்தரவு, நாம் யார் கேட்க?

வெள்ளிக்கிழமை சித்ரலேகா வழக்கம்போல ஆறரைக்கு ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். விழா பத்து மணிக்கு. நான் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கலெக்டரம்மாவுக்கு அன்றைக்கே களக்காட்டிலும் ஒரு விழா இருந்ததால் பத்து மணி எட்டு மணியாக மாறியிருக்கிறது. அந்தத் தகவல் ஊரில் நாய் பூனைக்கெல்லாம் போயிருக்கிறது, எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஏழு மணிக்கே படித்துறையைச் சுற்றிப் பந்தல்காரர்கள், மைக்செட்காரர்கள், மேளக்காரர்கள், கட்சிக்காரர்கள் என்று நானூறு ஆண்கள். ஆற்றுக்குள்ளே பதினோரு பெண்கள். கரையில் காலெடுத்து வைக்க வழியில்லாமல் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார்கள், சாரல் காற்று வேறு. பதினோராவது ஆள் தலைவி. மைக்கில் ‘பெண்குலத்தின் பெருமையே வருக’ என்று அவளை வரவேற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவள் இருபது அடி தூரத்தில் தண்ணீருக்குள் பல் கிட்டித்து நிற்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. நான் மேளச் சத்தம் கேட்டுப் பதறி, புடவையைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வருவதற்கும் கலெக்டரம்மாவின் வண்டி வந்து நிற்பதற்கும் சரியாயிருந்தது.

நான் என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். தங்கள் தங்கை ஆற்றிலிருந்து ஏறினாள். குளிப்பதற்கென்று வைத்திருக்கும் பழம்புடவை. ஒரு காலத்தில் தான் என்ன நிறம் என்பது அதற்கே மறந்துபோயிருக்கும். அதை இழுத்துச் செருகிக்கொண்டு, சொட்டச் சொட்ட, நேரே மேடைக்கு நடந்தாள். அவள் பின்னால் பத்துப் பெண்களும் அப்படியே ஏறி வந்தார்கள். கூட்டம் தானாக வழிவிட்டது. மேளம் நின்றுவிட்டது. கூட்டத்திலிருந்து நஃபீஸத் ஓடிவந்து பிளாஸ்டிக் பையை அவள் கையில் கொடுத்தாள். கலெக்டரம்மா பதறி எழுந்து, “அம்மா, முதல்ல போய்த் துணி மாத்திட்டு வாங்க. நான் எவ்வளவு நேரம்னாலும் காத்திருக்கேன்” என்றார்.

“எங்கன போயி மாத்த?” என்றாள் இவள். “அதுக்குத்தான் அம்மா இந்த மனு.”

மச்சான், நான் வெட்கப்பட்டேன். அந்த நேரத்தில் எதற்கு என்று இப்போதுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையைக் கையில் நீட்டியபடி மேடை ஓரத்தில் நின்றேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துப் பொன்னாடை வந்துவிட்டது என்று எண்ணி, “அடுத்ததாகப் பொறியாளர் அவர்களுக்கு” என்று அறிவித்து, என் கையிலிருந்து பிடுங்கி, முறுக்கு மீசைக்காரர் தோளில் போர்த்திவிட்டார். அவரும் கும்பிட்டார். நான் புதன்கிழமையே மனக்கண்ணில் கண்ட காட்சி! கலெக்டரம்மா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். “அவருக்குக் குளிரல” என்று சொல்லி, அதை உருவி, உதறி, சித்ரலேகாவைச் சுற்றிப் போர்த்தினார். மனுவை வாங்கி நின்றபடியே கடைசிக் கையெழுத்துவரை புரட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டியைத் திறந்துவிட்டுக் களக்காட்டுக்குப் போய்விட்டார்.

பிறகுதான் நாசம். போட்டோ ஊர் வாட்ஸ்அப்பில் வந்தது. இடப்பக்கம் நின்று எடுத்ததில் புடவை பச்சை, வலப்பக்கம் நின்று எடுத்ததில் நீலம். தலைவி காலை எட்டேகாலுக்கு ஒரு கட்சியிலும் எட்டரைக்கு இன்னொன்றிலும் இருந்தார் என்று எழுதுகிறான் ஒருத்தன். மூன்றாம் வார்டும் ஏழாம் வார்டும் வீட்டு வாசலில் வந்து விளக்கம் கேட்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தைப் பற்றி ஒரு ஜீவன் பேசவில்லை. கலெக்டரம்மா பேசாமல் போனதிலிருந்தே தெரிகிறது, மனு குப்பைக்குத்தான். சித்ரலேகாவுக்குத் தும்மல் நிற்கவில்லை. ஆனால் தும்மலுக்கு நடுவே ஐந்தாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை மச்சான். ஆகவேதான் தாங்கள் வரவேண்டும் என்கிறேன். வரும்போது ஒரே பக்கம், ஒரே நிறம் காட்டும் புடவையாகப் பார்த்து எடுத்துவரவும். என்ன நிறம் என்று மட்டும் என்னைக் கேட்க வேண்டாம்.

தங்கள் வீட்டில் மூத்தவர்களுக்கு என் கும்பிடு, இளையவர்களுக்கு ஆசி, நடுவில் உள்ளவர்களுக்கு எது பொருத்தமோ அது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ப. சிவசண்முகம்
(தலைவியின் கணவர்)

பின்குறிப்பு (ஆனி 29): இக்கடிதத்தை எழுதிக் குடைக்குள் செருகியவன், தபாலில் போட மறந்திருக்கிறேன். இன்று மழைக்குக் குடையை விரித்தபோது தலையில் விழுந்தது. இடையில் சில மாறுதல்கள்.

ஆமிர் வந்திருந்தார். அவர் கேட்டது குடிக்கிற கலராம். ஆரஞ்சா, திராட்சையா, பன்னீரா என்று மேடைக்கு எடுத்துவைக்கக் கேட்டிருக்கிறார். மயில்கழுத்துக் கலர் தேடித் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, கங்கைகொண்டான் வரைக்கும் சோடாக் கம்பெனி சோடாக் கம்பெனியாக அலைந்திருக்கிறார் மனிதர். “அண்ணாச்சி, வீட்டுல ஒண்ணு இருக்குன்னீங்களே, அதையாச்சும் கண்ணுல காட்டுங்க” என்றார். புடவையைக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கலெக்டரம்மாவின் உத்தரவு எட்டாம் நாளே வந்துவிட்டது. செங்கல் கட்டடம் பிறகு வரும். அதுவரைக்கும் உடனே ஒரு தகர அறை. போன வாரம் யாரோ ஒருவர் போன் செய்து, “தலைவி வீடா? படித்துறையில இருந்து பேசுதேன். நாலு எண்ணத்துக்கும் என்ன கலரு?” என்றார். இந்த முறை நான் ஏமாறுவேனா? வேலையாட்கள் நான்கு பேர், வெயிலில் நிற்கிறார்கள், தலைவி வீட்டு உபசாரம் என்று புரிந்துகொண்டு, “மூணு ஆரஞ்சு, ஒரு திராட்சை. ஜில்லுன்னு இருக்கணும்” என்றேன். பேசியவர் பெயின்டர். நேற்றுப் போய்ப் பார்த்தேன். அறையின் மூன்று பக்கத் தகரம் ஆரஞ்சு, ஒரு பக்கம் திராட்சை, எல்லாம் பளபளவென்று. மூன்றாம் வார்டும் ஏழாம் வார்டும் ஆளுக்கொரு பக்கம் நின்று, இது எந்தக் கட்சி என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள்.

ஆகவே மேலே எழுதிய அனைத்தும் ரத்து. தாங்கள் வர வேண்டியதில்லை, சித்ரலேகா இறங்க வேண்டியதில்லை. காலை ஆறரை மணிக்கே அந்த அறை வாசலில் பெண்கள் வரிசை நிற்கிறது. தலைவியும் வரிசையில்தான் நின்றாள், ஒன்பதாவது ஆளாக. ஈரத்தோடு உள்ளே போகிறார்கள், உலர்ந்த துணியோடு வெளியே வருகிறார்கள். அது என்ன கலர் என்று அவர்களில் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.